டெண்டர் சமயத்தில் அதிகாரியைப் பார்க்கலாமா? – வாசகர் கேள்வி-பதில்

அரசு டெண்டர்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: டெண்டர் நடக்கும்போது ஆபீசில் யாரிடம், எப்போது, எப்படிப் பேசலாம்? ஒப்பந்ததாரர்களும் கேட்டிருக்கிறார்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியதால் ஊர்ப் பெயர் மட்டும்.

பம்ப்செட் சப்ளை செய்கிறேன். ஒரு துறையில் பத்து வருடப் பழக்கம். டெண்டர் அறிவிப்பு வந்ததும் இ.இ.யை (செயற்பொறியாளரை) நேரில் பார்த்து ஓரிரு சந்தேகம் கேட்டுவிட்டு வருவேன். இப்போது ‘பார்க்கவே கூடாது’ என்கிறார்கள். சந்தேகம் கேட்பது கூடவா குற்றம்? – வாசகர், அம்பத்தூர்

கேட்பதில் குற்றமில்லை. பதில் உங்கள் காதில் மட்டும் விழுவதுதான் குற்றம்.

தமிழ்நாட்டில் இதற்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரம் முன்புவரை ஒருவர் விளக்கம் கேட்டால் ஆபீஸ் பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நகல் டெண்டர் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும். கேட்டவர் யார் என்பது அதில் தெரியக் கூடாது. ‘இவர் இதைக் கேட்கிறாரா, அப்படியென்றால் இன்ன கம்பெனி மேக் போடப் போகிறார்’ என்று மற்றவர்கள் கணக்குப் போடாமல் இருக்கத்தான் கடைசி நிபந்தனை.

வாய்வார்த்தையில் கேட்டால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு கணக்கு. ஆவணத்தின் விவரக் குறிப்பில் மொத்த ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தள்ள வேண்டிய மொத்த உயரம், 18 மீட்டர் என்று இருக்கிறது. வரைபடத்தில் 22 மீட்டர். ஓட்டம் விநாடிக்கு 20 லிட்டர். பம்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், 18 மீட்டருக்கு ஷாஃப்டில் (பம்பைச் சுழற்றும் தண்டில்) சுமார் 5.9 கிலோவாட் வேண்டும். 22 மீட்டருக்கு சுமார் 7.2. முதலாவதற்கு 10 எச்.பி. மோட்டார், அதாவது 7.5 கிலோவாட், தாராளம். இரண்டாவதற்கு அது விளிம்பில் நிற்கும். விவரம் தெரிந்தவர் 12.5 எச்.பி.க்குப் போவார். மோட்டார் மாறினால் ஸ்டார்டர், கேபிள், பேனல் எல்லாம் மாறும். இ.இ. உங்களிடம் “பதினெட்டுதான் சார், டிராயிங் பழசு” என்று சொல்லி அனுப்புகிறார். நீங்கள் 10 எச்.பி.க்கு விலை போடுகிறீர்கள். மற்ற நால்வர் பயந்துபோய் 12.5-க்குப் போடுகிறார்கள். நீங்கள் எல்-1, அதாவது எல்லோரையும்விடக் குறைந்த விலை கொடுத்தவர். யாரும் காசு வாங்கவில்லை, பொய் சொல்லவில்லை. ஆனாலும் போட்டி அந்த அறையிலேயே முடிந்துவிட்டது.

அதனால் எழுதிக் கேளுங்கள். மின்-டெண்டர் தளத்தில் விளக்கம் கேட்க வசதி திறந்திருந்தால் அதிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் ஆவணத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ. இப்படி இருந்தால் போதும்: “பக்கம் இத்தனை, பிரிவு இத்தனையில் மொத்த ஹெட் 18 மீட்டர், வரைபடத் தாள் 2-ல் 22 மீட்டர். எதை அடிப்படையாகக் கொள்வது?” அவ்வளவுதான். “எங்கள் மேக் ஏற்கப்படுமா?” என்று கேட்காதீர்கள். உங்கள் அடையாளம் அதில் ஒட்டிக்கொண்டு வரும், ஆபீசும் பதில் சொல்லத் தயங்கும். “ஐ.எஸ். 8034 தரச் சான்று பெற்ற எந்த மேக்கும் ஏற்கப்படுமா?” என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் பொருந்தும். 48 மணி நேரம் என்பது கடைசி எல்லை. பல ஆவணங்களில் அதைவிட முன்பே ஒரு தேதி போட்டிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் பதில் வராமலே போகலாம்.

அறிவிப்பு வருவதற்கு முன்னால் உள்ள காலம் வேறு. சந்தையில் என்ன கிடைக்கிறது என்று துறைகள் விசாரிப்பது வழக்கம். கேட்லாக் கொடுக்கலாம், செய்து காட்டலாம். விவரக் குறிப்பையே நீங்கள் டைப் செய்து பென் டிரைவில் கொடுத்துவிட்டு வந்தால், பிறகு அந்த டெண்டரில் உங்களைக் கைகாட்டப் போட்டியாளருக்கு வேறு ஆதாரம் வேண்டாம். உங்கள் கம்பெனி பெயர் அந்த வேர்ட் ஃபைலின் ப்ராபர்ட்டீஸிலேயே இருக்கும்.

நான் ஏ.இ. (உதவிப் பொறியாளர்). டெண்டர் போட்ட நாளிலிருந்து ஃபோன், வாட்ஸ்அப் ஓயவில்லை. சிலர் ஏற்கெனவே எங்களிடம் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். எடுக்காமலும் இருக்க முடியவில்லை. – வாசகர், சைதாப்பேட்டை

எடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும் வேலையின் எம்-புக் (அளவுப் புத்தகம்), ரன்னிங் பில் (முடிந்த வரைக்குமான பில்), குழி மூடாமல் கிடப்பது, இதையெல்லாம் பேசித்தான் ஆக வேண்டும். புது டெண்டர் அந்தப் பேச்சுக்குள் நுழைகிற நொடியில் நிறுத்துங்கள். அதற்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: “அந்த டெண்டர் பற்றி நான் பேச முடியாது, தளத்தில் எழுத்தில் கேளுங்கள், பதில் எல்லோருக்கும் வரும்.” எல்லோருக்கும் இதே சொற்கள். ஒருவருக்குச் சிரித்துக்கொண்டும் இன்னொருவருக்கு முகம் சுளித்தும் சொன்னால் அதுவே பேச்சாகிவிடும்.

எதெல்லாம் தகவல் என்று பலருக்குத் தெரிவதில்லை. விலையைச் சொன்னால்தான் தவறு என்று நினைக்கிறார்கள். எத்தனை பேர் சைட் பார்த்துவிட்டுப் போனார்கள், யாருக்கு அனுபவச் சான்று இல்லை, கடைசித் தேதி தள்ளிப்போகுமா, எல்லாமே விலையை நகர்த்தும். ‘ரெண்டே பேர்தான் சார் வந்தாங்க’ என்ற ஒரு வரிக்குப் பிறகு யாரும் குறைத்துப் போட மாட்டார்கள். தேதி நீட்டிப்பு முன்கூட்டியே தெரிந்தவர் வங்கி உத்தரவாதத்தை நிதானமாக எடுப்பார். தெரியாதவர் அவசரத்தில் ஆவணத்தை விட்டுவிடுவார்.

அழைப்பு வந்தால் அன்றே குறித்து வையுங்கள். தேதி, நேரம், யார், எந்த நிறுவனம், என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள். நான்கு வரி போதும். ஃபைலில் நோட்டாகப் போட்டு மேலதிகாரிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுவது பலருடைய முதல் யோசனை. அது தப்பு. பின்னால் விசாரணை வந்தால் அவர் ஃபோனில் செய்தி இருக்கும், உங்கள் ஃபோனில் இருக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைலில் வையுங்கள். நேரில் வந்து உட்கார்ந்துவிட்டால் இன்னொரு அலுவலரைக் கூப்பிட்டு உடன் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கேன்டீனில், கோயிலில், கல்யாண வீட்டில் பிடித்தால் மேலே சொன்ன அதே வாக்கியம்தான்.

தவறுதலாக ஒருவருக்கு ஏதோ சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறைக்காதீர்கள். சொன்னது ஆவண விளக்கம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், அதையே எழுத்தில் எல்லோருக்கும் வெளியிடச் சொல்லி இ.இ.க்குக் குறிப்பு எழுதுங்கள். டெண்டர் திறக்கும் முன் என்றால் அநேகமாக சரி செய்துவிடலாம். திறந்த பிறகு தெரிந்தால் மறு டெண்டர்தான், கூடவே உங்கள் மீது மெமோவும்.

பிரீ-பிட் கூட்டத்தில் (டெண்டர் போடும் முன் சந்தேகம் தீர்க்கும் கூட்டம்) எல்லோர் முன்னாலும் கேட்டு, எஸ்.இ. (மேற்பார்வைப் பொறியாளர்) எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார். ஆனால் ஆவணத்தில் திருத்தம் வரவில்லை. எதை நம்பி விலை போடுவது? – வாசகர், பெருங்குடி

ஆவணத்தை. கூட்டத்தில் சொன்னது காற்றோடு போகும். மின்-டெண்டர் தளத்தில் திருத்த அறிவிப்பாகவோ கூட்டக் குறிப்பாகவோ ஏறினால்தான் செல்லும். நாளை தகராறு வந்தால் ‘எஸ்.இ. சொன்னார்’ என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் மதிப்பில்லை. கூட்டம் முடிந்த இரண்டொரு நாளில் குறிப்பு ஏறவில்லை என்றால், “இன்ன தேதிக் கூட்டத்தில் பிரிவு இத்தனைக்கு இப்படிப் பதில் தரப்பட்டது, இதை எழுத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்” என்று அனுப்புங்கள். வெளியிடாவிட்டால் ஆவணத்தில் உள்ளபடியே விலை போடுங்கள். நிபந்தனை போட்டு விலை கொடுப்பது, ‘எஸ்.இ. சொன்னபடி 18 மீட்டருக்கு மட்டும்’ என்பது மாதிரி, டெண்டரையே தள்ளுபடி செய்ய வைக்கும்.

திருத்தத்தோடு விலைப்பட்டியலும், அந்த எக்செல் கோப்பும், மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பட்டியலில் ஏற்கெனவே விலை போட்டு ஏற்றியிருந்தால் புதியதை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் தளம் ஏற்காது. டெண்டரை விருப்பப் பட்டியலில் சேர்த்திருந்தால் திருத்தம் வரும்போது மின்னஞ்சல் வரும் என்றாலும், அதை நம்பி இருக்காதீர்கள். கடைசி நாள் வரை தினமும் ஒரு முறை தளத்தைத் திறந்து பாருங்கள்.

கால அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கடைசி நாள் வரை குறைந்தது 15 நாள். அதற்கு மேல் 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். விலையை மாற்றுகிற திருத்தத்தைக் கடைசி மூன்று நாளில் போட்டுவிட்டு தேதியை நீட்டாத ஆபீஸ், தானாகவே வழக்கை வரவழைத்துக்கொள்கிறது.

கூட்டம் நடத்துபவர்களுக்கும் ஒன்று. வருகைக் கையெழுத்துத் தாளை மேஜை மேல் சுற்றவிடாதீர்கள். ஒவ்வொருவரும் அதை ஃபோனில் படம் எடுக்கிறார்கள். யார் யார் போட்டி என்று தெரிந்தால் மாலையே ஒரு ஓட்டலில் இரண்டாவது கூட்டம் நடக்கும், நீங்கள் இல்லாமல். தனித்தனிச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள்; வெளியிடும் குறிப்பில் பெயர்களைப் போடாதீர்கள், கேள்வி-பதில் மட்டும் போதும். சைட் காட்டுவதும் அப்படித்தான்: ஒரே ஆள் காட்ட வேண்டும், கேட்கிற எல்லோருக்கும் அதே இடங்களைக் காட்ட வேண்டும். ‘இந்த மேன்ஹோலுக்கு அடியில் பாறை’ என்று ஒருவருக்குச் சொன்னால் அதுவும் திருத்த அறிவிப்பில் வர வேண்டிய தகவல்தான். கூட்டமே நடத்தாமல் எழுத்தில் கேள்வி வாங்கி எழுத்தில் பதில் போடுவது சிறு வேலைகளுக்கு இன்னும் நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்கள் வட்டக் கவுன்சிலர் நல்லவர். அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால்? – வாசகர், வியாசர்பாடி

வேண்டாம். டெண்டர் திறந்த பிறகு முடிவு அறிவிக்கும் வரை, அழைக்கப்படாமல் போய் அதிகாரிகளையோ ஆய்வுக் குழுவையோ தொடர்புகொள்ள முயலக் கூடாது என்று விதி இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்க முயன்றாலே டெண்டர்தாரரைத் தகுதி நீக்கம் செய்யலாம். பலித்ததா இல்லையா என்பது பொருட்டல்ல. கவுன்சிலர் நல்லவராக இருப்பதும் பொருட்டல்ல.

டெண்டர் திறந்த பிறகு ஆபீசிலிருந்தே ஒரு சான்றிதழைக் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதில் போட்டால் ‘தொடர்பு’ ஆகிவிடுமா? எதிராளி வழக்குப் போடுவானோ என்று பயம். – வாசகர், வில்லிவாக்கம்

ஆகாது. தடை உங்கள் பக்கத்திலிருந்து தானாகப் போவதற்குத்தான். ஆபீஸ் மதிப்பீட்டுக்காக உண்மையான விளக்கம் கேட்கலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. கேட்ட வழியிலேயே, கேட்ட தேதிக்குள், கேட்டதை மட்டும் கொடுங்கள். தளத்தின் வழியாகக் கேட்டால் தளத்தில் ஏற்றுங்கள். ஃபோனில் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

எதைக் கொடுக்கலாம் என்பதில்தான் வழக்கு வரும். மத்திய அரசின் கொள்முதல் கையேடு இதற்கு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது, மாநில டெண்டர்களிலும் அதை மனதில் வைத்துக்கொள்ளலாம். டெண்டர் திறந்த நாளுக்கு முன்பே இருந்த, அதற்குப் பிறகு மாறாத ஆவணம் என்றால் விடுபட்டதைக் கேட்டு வாங்கலாம். பான் அட்டை நகல் வைக்கவில்லை, கேட்கலாம். ஒரு சப்ளை ஆர்டரை வைத்திருக்கிறீர்கள், அதை முடித்ததற்கான சான்று வைக்கவில்லை, அந்தச் சான்றைக் கேட்கலாம். ஆனால் தகுதிக்கு ஆர்டர் போதவில்லை என்று இன்னொரு புது ஆர்டரைக் கேட்டு வாங்கக் கூடாது. முதலாவது நிரூபணம், இரண்டாவது டெண்டரையே மாற்றுவது.

‘கூடவே விலையில் ஒரு இரண்டு சதவீதம் குறைத்துக் கொடுங்கள்’ என்று அதே மின்னஞ்சலில் இருந்தால், விலை உறை (விலை மட்டும் உள்ள, கடைசியில் திறக்கும் பகுதி) திறக்கும் முன் அதற்குப் பதில் தராதீர்கள். இப்போது அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

நாங்கள் எல்-2. ‘எல்-1 விலைக்கு வருகிறீர்களா’ என்று ஃபோன் வந்தது. போகலாமா? – வாசகர், பூந்தமல்லி

விலைக் குறைப்புப் பேச்சு குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும்தான். மத்திய அரசு நிறுவனங்களிலும் அப்படித்தான். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007-இல் அனுப்பிய சுற்றறிக்கை, எல்-1 உடன்கூட விதிவிலக்கான சூழலில்தான் பேச வேண்டும் என்கிறது. ஆவணத்திலேயே வேலையைப் பலருக்குப் பிரித்துத் தருவதாக முன்கூட்டி எழுதியிருந்தால் தவிர, உங்களுக்கு வந்த ஃபோன் யாரோ எல்-1ஐப் பயமுறுத்த உங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கான அறிகுறி. எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வராது.

ஆபீஸ் ஆளிடம் பேசுவது தப்பு, சரி. போட்டி போடும் மற்ற கான்ட்ராக்டர்களோடு சங்கத்தில் பேசிக்கொள்வோம், ‘இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு’ என்று. இதில் அரசு அதிகாரியே இல்லையே? – வாசகர், மாதவரம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. அதிகாரிக்குக் காபி வாங்கிக் கொடுப்பதையெல்லாம் விட. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3, டெண்டரில் கூட்டுச் சேர்வதை நேராகத் தடை செய்கிறது. கார்ட்டெல் என்று முடிவானால், அது நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரையோ விற்றுமுதலில் 10 சதவீதம் வரையோ, இரண்டில் எது அதிகமோ அதை அபராதமாகப் போட இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எப்படிப் பிடிபடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் சோம்பேறித்தனத்தால். மூன்று டெண்டரும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பத்து நிமிட இடைவெளியில் ஏறியிருக்கும். மூன்று டி.டி.யும் ஒரே வங்கிக் கிளையில், அடுத்தடுத்த எண்களில். ஒருவர் கவரிங் லெட்டரில் ‘சமர்ப்பிக்கிறோம்’ என்பதைத் தப்பாக அடித்திருந்தால் மூன்றிலும் அதே தப்பு. விலைகள் ஒவ்வொரு வரியிலும் சரியாக 4 சதவீதம், 7 சதவீதம் ஏறியிருக்கும். ஆய்வுக் குழுவில் எக்செல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் போதும். முதலில் வந்து ஒப்புக்கொண்டு ஆதாரம் கொடுப்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் அந்த முதல் ஆள் யாராக இருப்பார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

‘உங்கள் டெண்டரை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் ஃபோன் செய்கிறார். ஆபீசில் வேலை செய்பவரா புரோக்கரா தெரியவில்லை. – வாசகர், ஆலந்தூர்

புரோக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் எல்லா டெண்டர்தாரரிடமும் வாங்குவார். கிடைத்தவருடைய பணத்தை வைத்துக்கொண்டு மற்றவருக்குத் திருப்பிக் கொடுப்பார். ஒன்றும் செய்யாமலே பிழைப்பு. ஆனால் சட்டம் உங்களைப் பொறுத்தவரை அதைப் பார்ப்பதில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்தால் மட்டும் விலக்கு. கொடுக்கும் முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குச் சொல்லிவிடுவது இன்னும் பத்திரம். எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், திருப்பி அழைக்காதீர்கள்.

தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் பற்றித் தனியாகக் கேட்டிருந்த வளசரவாக்கம் வாசகருக்கு: டெண்டர் ஓடிக்கொண்டிருக்கும் மாதத்தில் வேண்டாம். அரைக் கிலோவும் வேண்டாம்.

மெட்ரோ மாதிரி வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலைகளுக்கும் இதே விதிகளா? மற்ற நாடுகளில் எப்படி? – வாசகர், நந்தனம்

கடன் கொடுப்பவரின் கொள்முதல் விதிகள் ஆவணத்திலேயே இருக்கும், அதைப் படியுங்கள். உலக வங்கி முறையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. யாருக்குக் கொடுக்க உத்தேசம் என்று முதலில் எல்லா டெண்டர்தாரருக்கும் அறிவித்துவிட்டு, 10 வேலை நாள் சும்மா இருப்பார்கள். தோற்றவர் 3 வேலை நாளுக்குள் எழுதிக் கேட்டால் அவர் ஏன் தோற்றார் என்று விளக்குவார்கள். அதனால் மதிப்பீட்டின் நடுவில் போய்க் கதவைத் தட்ட வேண்டிய அவசரம் குறைகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2006 ஜனவரி 1 முதல் இதை இன்னும் கறாராக்கியது. டெண்டர் அறிவிப்பிலிருந்து ஒப்பந்தம் முடிவாகும் வரை ‘கட்டுப்பாட்டுக் காலம்’. அந்தக் காலத்தில் ஆவணத்தில் பெயர் குறிப்பிட்ட அலுவலரிடம் மட்டும் பேசலாம். கொள்முதலைத் தன் பக்கம் திருப்பும் நோக்கம் தெரிகிற எந்தத் தொடர்பையும், பேசியவர் பெயர், முகவரி, ஃபோன், எங்கே வேலை செய்கிறார் உட்பட, அலுவலர் பதிவு செய்து கொள்முதல் கோப்பில் சேர்க்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் இரண்டு முறை மீறியவர் நான்கு ஆண்டுக்கு மாநில டெண்டர் பக்கம் வர முடியாது. சைதாப்பேட்டை ஏ.இ.க்கு மேலே சொன்ன நான்கு வரிக் குறிப்பை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

எங்களைத் தொழில்நுட்ப உறையிலேயே (விலைக்கு முன் திறக்கும், தகுதி விவரங்கள் உள்ள பகுதி) நிராகரித்துவிட்டார்கள். காரணம் தவறு. யாரிடமும் பேசக் கூடாது என்றால் நியாயம் எங்கே கேட்பது? – வாசகர், கிண்டி

மேல்முறையீட்டில். டெண்டர் ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். அரசு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்து நாள் என்பது மிகக் குறுகியது. இ.இ.யைப் பார்த்து வருத்தப்படுவதிலேயே ஒரு வாரம் போக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ‘சார் பார்க்கிறேன்னு சொன்னார்’ என்பார்கள். உத்தரவு வந்த அன்றே நகலும், தளத்தில் காட்டும் நிராகரிப்புக் காரணத்தின் அச்சும், நீங்கள் ஏற்றிய ஆவணங்களின் ரசீதும் எடுத்து வையுங்கள். மனுவில் வரிசையாக: ஆவணத்தின் எந்தப் பிரிவு என்ன கேட்டது, நீங்கள் எந்தப் பக்கத்தில் அதைக் கொடுத்தீர்கள், அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள். எதிராளியைத் திட்டாதீர்கள், இடமும் வீண்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீடு நடக்கும்போதே கேட்டால் மறுப்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒப்பீட்டு அறிக்கையைக் கேட்கலாம். மேல்முறையீடு பயன் தராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். நீதிமன்றம் விலையை எடைபோடாது, முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும். எதிராளி தனியாகப் பதில் வாங்கினார் என்பதற்குத் தேதியோடு ஆதாரம் இருந்தால் அது முறை பற்றிய கேள்வி.

கடைசி நாள், மதியம் 2.40. மூன்று மணிக்கு முடிகிறது. தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆபீசுக்கு ஃபோன் போட்டால் அதுவும் விதிமீறலா? – வாசகர், திருவொற்றியூர்

இல்லை. ஆனால் முதலில் தளத்தின் உதவி மையத்தை அழையுங்கள். புகார் எண் வாங்குங்கள். பிழைச் செய்தியை, தளத்தின் மேலே ஓடும் சர்வர் கடிகாரம் தெரியும்படி படம் எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரமும் கைக்கடிகாரமும் கணக்கில் வராது. பிறகு ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல்: இத்தனை மணிக்கு இந்தப் பிழை, புகார் எண் இது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பதற்றத்தில் ‘பத்திரத்துக்கு’ என்று விலைப்பட்டியலையும் அதே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். தளத்தில் ஏறும் விலை பூட்டப்பட்டிருக்கும்; திறக்கும் நாளில் அதற்கென்று நியமித்த அலுவலர்கள் குறைந்தது இருவர் தங்கள் டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் போட்டால்தான் திறக்கும். மின்னஞ்சலில் போன விலைக்கு அந்தப் பூட்டு இல்லை; திறக்கும் முன்பே ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. தேதி நீட்டித்து நீங்கள் முறைப்படி ஏற்றினாலும், அந்த விலை வெளியே போனதா என்ற கேள்வி நிற்கும். அந்த மின்னஞ்சலைப் பெற்ற அலுவலர் இணைப்பைத் திறக்காமலே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மதியம் 2.40 வரை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்க மாட்டோம். டிஜிட்டல் கையொப்பம் காலாவதி ஆகிவிட்டதா என்று மட்டும் ஒரு வாரம் முன்பே பாருங்கள். கடைசி நாளில் ‘சர்வர் கோளாறு’ என்று சொல்லப்படுவதில் பல அதுதான். முந்தின நாளே ஒருமுறை ஏற்றிவிடுங்கள். நேரம் முடியும் வரை விலையை மாற்றி மறுபடி ஏற்ற வழி உண்டு.